ஒரு டீ, ஒரு பேப்பர் கப், கொஞ்சம் கொசுவத்தி

போன மாசம் எங்க ஆபீஸ் பேண்ட்ரியில ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தாங்க. "இனி பேப்பர் கப் கிடையாது, அவரவர் மக் கொண்டு வரவும்." அவ்வளவுதான், தளம் முழுக்க ஒரே புலம்பல். ஆணி புடுங்கறதுக்கு நடுவுல ஒரு டீ குடிக்கக்கூட விட மாட்டேங்கறாங்கன்னு பக்கத்து சீட்டுக்காரர் அரைமணி நேரம் கொந்தளிச்சார். நான் வாயே திறக்கல. பேப்பர் கப்புன்னு சொன்னாலே எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடும். ஏன்னா ஒரு காலத்துல நானே ஆயிரக்கணக்குல பேப்பர் கப் செஞ்சிருக்கேன் :-)

எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். சென்னையில இருந்து திருச்சிக்குப் பஸ்ல போனவங்களுக்கு பெரம்பலூர்னா நடுராத்திரி மோட்டல், காது கிழியற பாட்டு, பாதி ஆறின டீ, இவ்வளவுதான் ஞாபகம் இருக்கும். அந்த டீ எதுல வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. அதில ஒரு கப் எங்க பெரியப்பா பையன் செஞ்சதா இருந்திருக்கலாம்.

அண்ணன் 2016-ல மானியத்தோட ஒரு வங்கிக் கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை போட்டு, ஒரே ஒரு மெஷின் இறக்கினார். நான் மெக்கானிக்கல் படிச்சிட்டிருந்தேன். (ஆமாம், மெக்கானிக்கல் படிச்சுட்டுதான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். நம்மூர்ல இது ஒரு அதிசயமா?) செமஸ்டர் லீவு முழுக்க அந்தக் கொட்டகையிலதான் கிடப்பேன். நாலு வருஷக் காலேஜுல கத்துக்காத இயந்திரவியலை அந்த ஒரு மெஷின் கத்துக் கொடுத்தது.

பேப்பர் கப் எப்படி உருவாகுதுன்னு பெரும்பாலும் யாரும் யோசிக்கறதில்ல. முதல்ல அது வெறும் பேப்பர் கிடையாது. கெட்டியான அட்டை, அதுக்கு மேல ஒரு பக்கம் பாலிஎத்திலீன்ங்கற பிளாஸ்டிக்கை உருக்கி மெல்லிசா பூசியிருப்பாங்க. சதுர மீட்டருக்கு பதினைஞ்சு, பதினெட்டு கிராம்தான் பூச்சு. விசிறி மாதிரி வெட்டின துண்டுகள் ஒரு பக்கம் அடுக்கா இருக்கும்; அடிப்பாகத்துக்குத் தனியா ஒரு ரோல். மெஷின் ஒரு துண்டை இழுத்து, ஒரு உருளை மேல சுத்தி, ரெண்டு ஓரத்தையும் சூடாக்கி அழுத்தும். பசை எதுவும் கிடையாது. உருகின பிளாஸ்டிக்கே பசை. அப்புறம் அடித்தட்டை உள்ளே தள்ளி, மறுபடி சூடுகாத்து, அழுத்தம், கடைசியா வாய்ப்பகுதியை வெளிப்பக்கமா சுருட்டி விடும். நிமிஷத்துக்கு அம்பது கப் சுமாருக்கு விழும். சூடு கொஞ்சம் குறைஞ்சா கப் ஒழுகும், கூடினா ஓரம் கருகும். அந்த நடுவாந்திரத்தைப் பிடிக்கறதுதான் அண்ணனோட முழுநேர வேலை. பெரியம்மா கப்பை எண்ணி அடுக்கி, பிளாஸ்டிக் உறையில போட்டுக் கட்டுவாங்க.

ஒரு நாள் ஒரு கடைக்காரர் வந்து, "தம்பி, இதுல மெழுகு தடவறாங்களாமே, வயித்துல போய் ஒட்டிக்குமாமே"ன்னு கேட்டார். இந்த மெழுகுக் கதையை நீங்களும் வாட்ஸப்புல படிச்சிருப்பீங்க. இப்ப டீக்கடைக்கு வர்ற கப்புல மெழுகு இல்ல. இருந்தா டீ ஊத்தின உடனே உருகிடும். பாரஃபின் மெழுகு அறுபது டிகிரி சுமாருக்கே உருகிற சாமான். ஆனா கதை சும்மா முளைக்கல. ஒரு காலத்துல மெழுகு இருந்தது உண்மைதான். அதுக்கு நூறு வருஷம் பின்னாடி போகணும்.

இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல அமெரிக்காவில ரயில், பள்ளிக்கூடம், ஆபீஸ் எங்கயும் தண்ணித் தொட்டி பக்கத்துல ஒரே ஒரு தகரக் குவளை சங்கிலியில தொங்கும். எல்லாரும் அதுலதான் குடிக்கணும். காசநோய் பரவின காலம் அது. லஃபாயெட் கல்லூரியில உயிரியல் பேராசிரியரா இருந்த ஆல்வின் டேவிசன், பள்ளிக்கூடக் குவளைகளை நுண்ணோக்கியில வச்சுப் பார்த்து, அதில ஒட்டியிருந்த கிருமிகளைப் பத்தி 1908-ல எழுதினார். கான்சாஸ் மாநிலத்து சுகாதார அதிகாரி சாமுவேல் கிரம்பைன், 1909-ல பொதுக் குவளையையே தடை பண்ணினார். 1912-ல மாநிலம் விட்டு மாநிலம் போற ரயில்கள்லயும் தடை வந்தது.

இதே சமயத்துல பாஸ்டன் வக்கீல் லாரன்ஸ் லூயெலன், ஒருமுறை குடிச்சுட்டுப் போடற காகிதக் குவளையைக் கண்டுபிடிச்சிருந்தார். அவரும் மைத்துனர் ஹ்யூ மூரும் சேர்ந்து, ஒரு சென்ட் போட்டா குளிர்ந்த தண்ணி தர்ற மெஷினை வச்சாங்க. மக்கள் தண்ணியை விட குவளையைத்தான் விரும்பினாங்கன்னு புரிஞ்சதும் வியாபாரம் குவளைப் பக்கம் திரும்பிடுச்சு. முதல்ல 'ஹெல்த் கப்'னு பேரு. 1918-ல இன்ஃப்ளூயன்சா வந்ததும் விற்பனை பிச்சிக்கிட்டு போச்சு. 1919-ல பேரை 'டிக்ஸி கப்'னு மாத்தினாங்க. அவங்க கட்டடத்துலயே இருந்த ஒரு பொம்மைக் கம்பெனியோட பேரைக் கேட்டு வாங்கி வச்சதா சொல்றாங்க. அதெல்லாம் மெழுகுக் குவளைதான். பச்சத்தண்ணி, ஐஸ்கிரீமுக்கு மட்டும் லாயக்கு. பாலிஎத்திலீனை 1933-ல இங்கிலாந்துல ஐ.சி.ஐ. கம்பெனி ஆய்வகத்துல தற்செயலா கண்டுபிடிச்சு, பிறகு அதைக் காகிதத்து மேல பூசக் கத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் சூடான பானத்துக்கான கப் இப்ப இருக்கற வடிவத்துக்கு வந்தது.

ஆக, அமெரிக்காவில எல்லாருக்கும் ஒரே குவளைங்கறது பிரச்சனை. அதுக்குத் தீர்வா பேப்பர் கப் வந்தது. நம்மூர்ல கதை அப்படியே தலைகீழ். இங்க பிரச்சனையே ரெண்டு குவளை. (அங்கயும் யோக்கியம் இல்ல. தென் மாநிலங்கள்ல வெள்ளைக்காரங்களுக்கு ஒரு குழாய், கறுப்பர்களுக்கு ஒரு குழாய்னு 1960-கள் வரைக்கும் வச்சிருந்தாங்க.)

பிரிட்டிஷ் காலத்து ரயில்வே ஸ்டேஷன்கள்ல 'இந்து தண்ணி', 'முஸ்லிம் தண்ணி'ன்னு தனித்தனியா கொடுத்தாங்க. சேரன்மாதேவி குருகுலத்துல வ.வே.சு. ஐயர் காலத்துல பிராமணப் பையன்களுக்கும் மத்தவங்களுக்கும் சாப்பாட்டுப் பந்தியும் தண்ணிப் பானையும் தனின்னு கிளம்பின சண்டை, தமிழ்நாட்டு காங்கிரசையே ஆட்டி வச்சது. 1955-ல வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், அதாவது 1976-க்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்னு பேர் மாறினது, நாலாவது பிரிவுலயே ஓட்டல்ல பொதுப் புழக்கத்துக்கு வச்சிருக்கற பாத்திரத்தை ஒருத்தருக்குத் தீண்டாமை காரணமா மறுக்கறது குற்றம்னு சொல்லுது. ஒரு நாட்டோட சட்டப் புத்தகத்துல டம்ளர் இடம்பிடிக்கணும்னா நிலைமை எப்படி இருந்திருக்கணும்!

இதை நான் புத்தகத்துல மட்டும் படிச்சவன் இல்ல. 2004, 2005 வாக்குல, எனக்கு ஏழெட்டு வயசிருக்கும். எங்க அம்மாச்சி ஊர்ல ஒரு டீக்கடை. பலகை மேல கண்ணாடி கிளாஸ் வரிசையா கவுத்து வச்சிருக்கும். கடைக்கு வெளியே கீத்துத் தடுப்புல ஆணி அடிச்சு நாலஞ்சு அலுமினிய டம்ளர் தனியா தொங்கும். சில பேர் வந்து அதை அவங்களே எடுத்து, கழுவி, நீட்டுவாங்க. கடைக்காரர் படாம உயரத்துல இருந்து ஊத்துவார். குடிச்சதும் அவங்களே மறுபடி கழுவி மாட்டிட்டுப் போவாங்க. எனக்கு அந்த அலுமினிய டம்ளர் பளபளன்னு பிடிச்சிருந்தது. "தாத்தா, எனக்கு அதுல வேணும்"னு அடம் பிடிச்சேன். தாத்தா சிரிச்சாரு. கடையில இருந்த எல்லாருமே சிரிச்சாங்க. டம்ளர் கழுவிட்டிருந்த பெரியவர் மட்டும் சிரிக்கலங்கறது எனக்கு ஞாபகம் வந்ததே காலேஜ் போன பிறகுதான்.

கொஞ்ச வருஷத்துல அந்த டம்ளர்கள் காணாமப் போச்சு. யாரும் போராட்டம் பண்ணல, போலீஸ் வரல. 'யூஸ் அண்ட் த்ரோ' கப் வந்துடுச்சு, அவ்வளவுதான். முதல்ல வெள்ளை பிளாஸ்டிக், பிறகு பேப்பர். ஒரு பக்கம் சில கடைகள்ல இது நிஜமாவே எல்லாருக்கும் ஒரே கப்னு ஆச்சு. இன்னொரு பக்கம் இன்னாருக்கு கண்ணாடி கிளாஸ், இன்னாருக்கு மட்டும் பேப்பர் கப்னு பழைய விஷயமே புது உடுப்புல உட்கார்ந்துக்கிச்சு. "நான் சுத்தத்துக்காகக் கொடுக்கறேன்"னு சொன்னா எந்த அதிகாரி என்ன கேக்க முடியும்? தமிழ்நாட்டுல கள ஆய்வுக்குப் போனவங்க இந்த ரெண்டாவது வகையையும் பதிவு பண்ணியிருக்காங்க.

காலேஜுல என்னோட ரூம்மேட் அரியலூர் மாவட்டம், செந்துறை பக்கத்து ஆளு. (எங்க ரெண்டு மாவட்டமும் சேர்ந்து பிரிஞ்ச கதை தனிப் பதிவா எழுதலாம், 2001-ல பிரிச்சு, 2002-ல சேர்த்து, 2007-ல மறுபடி பிரிச்சாங்க. அதனால நாங்க ரெண்டு பேரும் ஒரே மாவட்டமா இல்லையான்னு எங்களுக்கே குழப்பம்.) ஒரு லீவுக்கு அவனைக் கூட்டிட்டு அண்ணன் கொட்டகைக்குப் போனேன். ரொம்ப நேரம் மெஷினைப் பார்த்துட்டே நின்னான். ஒரு கப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எங்கப்பாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்டா"ன்னான். ஏன்னு நான் கேக்கல. கேக்காமலே ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது.

2018 ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள். அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டசபையில அறிவிச்சார்: 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. அதே மாசம் அரசாணை வந்தது. பதினாலு வகைப் பொருள் பட்டியல்ல பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப், பேப்பர் தட்டு ரெண்டும் இருந்தது. பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு. அண்ணன் பட்டியலை என்கிட்ட மூணு தடவை படிக்கச் சொன்னார். "பேப்பர்னுதானடா பேரு?"ன்னார். ஒரு கப்பைத் தண்ணியில ஊறப்போட்டு, கூழான பேப்பரை வழிச்சுட்டு, மிச்சம் நின்ன அந்தக் கண்ணாடி மாதிரி தோலை நானே அவர்கிட்ட காட்டினேன். இன்னைக்கும் அதை நினைச்சா சங்கடமா இருக்கு. அவருக்குத் தெரியாததையா காட்டினேன்?

தடைக்கான காரணம் வலுவானதுதான். பேப்பர்ல இருந்து அந்தத் தோலைப் பிரிக்கறது சாதாரணக் காகித ஆலையால முடியாது. தனி ஏற்பாடு வேணும். டீ ஊத்தி ஈரமான கப்பை யார் சேர்த்து வச்சு அனுப்பப் போறாங்க? அதனால பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார், பழைய பிளாஸ்டிக்காரரும் எடுக்க மாட்டார். ரெண்டும்கெட்டான். குப்பை மேட்டுக்குத்தான் போகும்.

உடம்புக்குக் கெடுதலாங்கற கேள்விக்கு 2020-ல கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு ஒண்ணு வந்தது. சுதா கோயல் தலைமையில செஞ்சது. 85-லிருந்து 90 டிகிரி சூட்டுல 100 மில்லி தண்ணியை கப்புல ஊத்திப் பதினைஞ்சு நிமிஷம் வச்சாங்க. மைக்ரான் அளவுள்ள பிளாஸ்டிக் துகள் சுமார் 25,000 தண்ணிக்கு வந்திருந்தது. பாலிஎத்திலீன் உருகறதுக்கு 105, 110 டிகிரிக்கு மேல வேணும், டீ அவ்வளவு சூடு கிடையாது. ஆனா உருகலைன்னா உதிராதுன்னு அர்த்தம் இல்லையே. நம்ம நாட்டுத் தரக்கட்டுப்பாடு என்ன பண்ணுதுன்னு பார்த்தேன். ஐ.எஸ். 9845-ன்னு ஒரு சோதனை. பாத்திரத்துல இருந்து உணவுக்குள்ள இறங்கற சமாச்சாரம் லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. அது எடை பார்க்கற சோதனை, எண்ணிக்கை பார்க்கறது இல்ல. 25,000 துகளையும் திரட்டினாலும் தராசு அசையறது கஷ்டம். ஆக, கப் சோதனையில பாஸ், டீயில துகள், ரெண்டுமே ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம். சாஃப்ட்வேர்காரங்களுக்கு இது புதுசில்ல, டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சை, ப்ரொடக்‌ஷன்ல பல்லிளிக்கும் :-(

அந்தத் துகள் உடம்புக்குள்ள போய் என்னதான் பண்ணும்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல குடிநீர்ல இருக்கற நுண்பிளாஸ்டிக் பத்தி அறிக்கை விட்டப்போ, இன்னும் ஆய்வு தேவைன்னுதான் முடிச்சாங்க. எனவே "கேன்சர் கன்ஃபார்ம்"னு ஃபார்வர்ட் பண்றவங்களையும் நம்பாதீங்க, "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. என்னைக் கேட்டா, டீயை வாங்கி வச்சுட்டு கால் மணி நேரம் ஃபோன் நோண்டாம சூடா குடிச்சு முடிங்கன்னு சொல்வேன்.

தடையை எதிர்த்து தமிழ்நாடு, புதுச்சேரி பேப்பர் கப் உற்பத்தியாளர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. 2019-ல சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும்னு சொன்னது. வழக்கு டெல்லி போய், 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றத்துல நீதிபதிகள் ரவீந்திர பட், சஞ்சய் கரோல் தீர்ப்பு சொன்னாங்க. தொழில் செய்யற உரிமை இருக்கு, ஆனா பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு போடலாம், கப்புக்குத் தடை நிற்கும். நெய்யாத துணிப் பையை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னாங்க. மத்திய அரசு 2022 ஜூலையில கொண்டு வந்த தடைப் பட்டியல்ல பிளாஸ்டிக் கப் உண்டு, பூச்சு போட்ட பேப்பர் கப் கிடையாது. அதனால மத்திய அரசோட அந்தப் பட்டியல்படி இது குற்றம் இல்ல. அண்ணனோட மெஷின் அதுக்கு முன்னாடியே, 2019 மாசியில, வாங்கின விலையில மூணுல ஒரு பங்குக்கு ஆந்திராப் பக்கம் லாரி ஏறிடுச்சு. கடன் 2022 வரைக்கும் ஓடிச்சு. கொட்டகையில இப்ப சின்ன வெங்காயம் காயுது. அண்ணன் யாரையும் திட்டினதா எனக்கு ஞாபகம் இல்ல. "நல்லதுக்குத்தான் சொல்றாங்க, ஆனா ஆறு மாசம் முன்னாடி சொன்னா பத்தாதுடா"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னார்.

தடை வந்த புதுசுல கடைகள் மறுபடி கண்ணாடி கிளாசுக்கு மாறிச்சு. சென்னையில இருந்த நண்பர்கள் எல்லாம் ஆகா ஓகோன்னாங்க, நானும்தான். ரூம்மேட் ஃபோன்ல சொன்னான்: அவங்க அப்பா கேட்டாராம், "கிளாஸ் வருதுன்னா, எத்தனை வகை கிளாஸ் வருது?" எனக்குப் பதில் தெரியல. அடுத்த வருஷமே கொரோனா வந்தது. கண்ணாடி கிளாசைப் பார்த்தாலே எல்லாரும் பயந்தாங்க, பேப்பர் கப் மறுபடி கடைக்கு வந்துடுச்சு. 1918-ல டிக்ஸிக்கு நடந்தது நம்மூர் டீக்கடைக்கு 2020-ல நடந்தது. சட்டப் புத்தகத்துல தடை அப்படியேதான் இருக்கு. பலகை மேல கப்பும் இருக்கு.

குடிச்சுப் போட்ட கப்பெல்லாம் எங்க போகுதுன்னு தேடினப்போ ஒரு விஷயம் கிடைச்சது. பெருநகரக் குப்பையில மறுசுழற்சிக்கு ஆகாத, எரியக்கூடிய சாமான்களைப் பிரிச்சு சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளா அனுப்பறாங்க. சென்னைக் குப்பையில ஒரு பங்கு வர்ற இடம் அரியலூர்! கடல் இருந்த காலத்துச் சிப்பியும் நத்தையும் படிஞ்சு உண்டான சுண்ணாம்புக்கல்லை வெட்டி, 1,450 டிகிரியில சுடற அந்த உலையில, நான் ஆபீஸ்ல குடிச்சுப் போட்ட கப்பும் போய் விழுந்திருக்கலாம். ரூம்மேட் வீட்டு மாடியில இருந்து பார்த்தா அந்தப் புகைபோக்கி தெரியும்.

இந்தப் பொங்கலுக்கு அவன் ஊருக்குப் போயிருந்தேன். அவங்க அப்பாவோட டீக்கடைக்கு நடந்தோம். கடைக்காரப் பையன் சின்ன வயசு, இருபது இருக்கும். "கிளாஸா, கப்பாங்கய்யா?"ன்னு கேட்டான். கிளாஸ் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது, நான் எட்டிப் பார்த்தேன். கரக்பூர் ஆய்வு நாக்கு நுனியில நின்னுச்சு. சொல்லல. அப்பா கப்தான் கேட்டார். நானும் கப் கேட்டேன். குடிச்சு முடிச்சதும் அவர் கப்பைக் கையில வச்சு நல்லா நசுக்கி, டப்பாவில போட்டுட்டு, வேட்டியில கையைத் துடைச்சுக்கிட்டார்.

டிஸ்கி: ஆபீசுக்கு மக் வாங்கிட்டேன். எவர்சில்வர்.